முதல் இரண்டு ரவுண்டு

வைகாசியில் புதுச்சேரியின் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டத்துக்குத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிப்பார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் இது. ஆயுதப் பயிற்சி தரும் நம் துறைக்காரர்கள் அந்த நேரத்தில் தேரை விட்டுவிட்டு, அவர்களைச் சுற்றி நிற்கும் கன்மேன்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இடது கை ஜனத்தை ஒதுக்கிக்கொண்டே இருக்கும். வலது முழங்கை இடுப்பை விட்டு விலகாது. சட்டைக்கு அடியில் பிஸ்டல் இருக்கிறது. தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் அப்பாக்கள், எந்தப் பக்கம் சுட்டாலும் குண்டு போய்ச் சேர ஓர் ஆள். இந்த இடத்தில் ஒருவன் கத்தியோடு பாய்ந்தால் கன்மேனுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிதான்.

அவருக்கு நாம் கடைசியாக வைத்த தேர்வு எது? வருடாந்திர ஃபயரிங். பிஸ்டல் ஏற்கெனவே கையில் இருக்கும், அட்டை அசையாது, கமாண்ட் வந்த பிறகு மூச்சை அடக்கிச் சுடலாம். அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. பிடி, குறி, டிரிகர் இழுப்பு மூன்றும் அங்கேதான் படிகின்றன. ஆனால் அது சுடத் தெரியுமா என்று பார்க்கிற தேர்வு. இடுப்பில் துப்பாக்கியோடு ஊருக்குள் நடமாடத் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை நாம் இன்னும் முறையாகக் கேட்கவே இல்லை.

2021 நவம்பர் 21 விடியற்காலையில், நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடர்களை இருசக்கர வாகனத்தில் விரட்டிச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே மடக்கியபோது வெட்டிக் கொல்லப்பட்டார். ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அன்றைய தமிழக டி.ஜி.பி. சைலேந்திரபாபு அதன் பிறகு அறிவுறுத்தினார். சரியான அறிவுரை. ஆனால் துப்பாக்கியைக் கொடுத்தால் மட்டும் போதாது. கை எட்டும் தூரத்தில் அரிவாளோடு நிற்பவனுக்கு எதிரே அதை உறையிலிருந்து எடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டுயலர் 1983-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கத்தி ஏந்தியவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். 21 அடிக்கு அப்பால் இருந்தால் ஆபத்தில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. அந்தத் தூரத்திலேயே நேரம் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் டுயலர் காட்டியது.

அதுவும் சேம்பர் நிரம்பிய துப்பாக்கிக்கான கணக்கு. நம்மிடம் இன்னும் பரவலாக இருக்கும் இஷாப்பூர் 9 மி.மீ. பிஸ்டலைப் பலர் சேம்பர் காலியாகத்தான் இடுப்பில் வைக்கிறார்கள். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் எடுத்தபின் ஸ்லைடை இழுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அப்போது எதிரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் அமைச்சரைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். உறையின் மூடிப் பட்டன், துப்பாக்கியில் மாட்டிய கயிறு, வெளியே விட்ட சட்டை என்று ஒவ்வொன்றும் கால் விநாடி, அரை விநாடி தின்னும். ரேஞ்சில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சுடுகிறவருக்கு இது ஒருநாளும் தெரிய வராது.

வேகம் மட்டும் பார்த்தாலும் உயிர் போகும். 2017 டிசம்பர் 13 அன்று, கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைப் பிடிக்க ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் குண்டடிபட்டு இறந்தார். கைகலப்பின்போது உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் காவல்துறை விசாரணைக்குப் பின் தெரிவித்தது. தனிமனிதர் யாரையும் நோக்கி விரல் நீட்ட இதைச் சொல்லவில்லை. நெருக்கியடிக்கும் இடத்தில், ஆளோடு ஆள் மல்லுக்கட்டும்போது, டிரிகருக்கு வெளியே விரலை வைத்துத் துப்பாக்கி முனையைக் கட்டுக்குள் வைப்பதை எந்தத் தேர்வில் பார்க்கிறோம்? அட்டையில் விழுந்த ஓட்டையை எண்ணுகிற தேர்வில் அது அகப்படாது.

உலகெங்கும் இதற்கென்று டிரில்கள் இருக்கின்றன. ஜெஃப் கூப்பர் பெயரோடு வழங்கும் ‘எல் பிரசிடென்ட்’ அவற்றில் பெயர்பெற்றது. 10 கெஜத்தில் மூன்று அட்டைகளுக்கு முதுகு காட்டி நின்று, சைகை கேட்டதும் திரும்பி, உறையிலிருந்து எடுத்து அட்டைக்கு இரண்டாகச் சுட்டு, மேகசின் மாற்றி மறுபடியும் இரண்டிரண்டு. 12 ரவுண்டும் 10 விநாடிக்குள் முடிய வேண்டும். அருமையான பயிற்சிதான். ஆனால் வாரம் தவறாமல் அதையே சுடுகிறவர் நாளடைவில் அந்த டிரிலில் மட்டும் கெட்டிக்காரர் ஆகிறார். கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வாங்கும் மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற நியூயார்க் காவல்துறையிலேயே, எதிரி திருப்பிச் சுட்ட மோதல்களில் இலக்கைத் தொட்ட குண்டுகள் 18 விழுக்காடுதான் என்று 1998 முதல் 2006 வரையிலான நிகழ்வுகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-ல் எழுதியது. எதிரி சுடாதபோதும் அது 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மீதிக் குண்டுகள் எங்கே போயின என்பதுதான் தேரோட்டக் கூட்டத்தில் நிற்கிறவருக்குக் கவலை தர வேண்டும்.

ஆகவே நான் கேட்பது சிறிய மாற்றம். ரேஞ்சுக்கு வந்து இறங்கியதும், ஒரு ரவுண்டு கூடச் சுட்டுக் கை பழகாமல், டியூட்டிக்கு உடுத்தும் அதே உடையில், அதே உறையோடு ஆளை நிறுத்துங்கள். 5 மீட்டரில் ஒரு ஏ4 தாள். விசில் அடித்ததும் எடுத்து இரண்டு ரவுண்டு. நேரத்தையும் தாளையும் தனியாகக் குறித்து வையுங்கள். சட்டை சிக்கியதா, கட்டை விரல் பட்டனைத் தேடியதா, ஸ்லைடு முழுக்க வந்ததா என்றும் எழுதுங்கள். அன்று முழுவதும் அவர் சுடப்போகும் மற்ற எல்லா ரவுண்டையும்விட இந்த இரண்டுதான் அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

அதோடு சில முறை விசில் அடித்த உடனே ‘நில்’ என்று கத்துங்கள். பாதி எடுத்த துப்பாக்கி அப்படியே நின்று, பத்திரமாக உறைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். எடுக்கத் தெரிந்த கைக்கு நிறுத்தவும் தெரிந்தாக வேண்டும். கைகலப்பில் துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் காக்கப் பழகுவதற்கு ரப்பர் துப்பாக்கி போதும், தோட்டாச் செலவே இல்லை. தோட்டா ஒதுக்கீடு குறைவு என்ற பதில் எனக்கும் தெரியும். உறையிலிருந்து எடுக்கும் பயிற்சிக்கு அந்தப் பதில் செல்லாது. துப்பாக்கியைக் காலி செய்து, ஒருவருக்கு இருவராகப் பரிசோதித்து, சுவரைப் பார்த்து நின்று தினமும் பத்து நிமிடம் செய்யலாம்.

.32 ரிவால்வர் உரிமம் வைத்திருக்கும் தனியாரைப் பற்றி ஒரு சொல். உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று தர வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. பயிற்சி தருகிற நம் வாசகர்கள் அந்தச் சான்றைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதமாக நினைக்க வேண்டாம். உறையிலிருந்து பத்திரமாக எடுத்து, பத்திரமாக உள்ளே வைக்கத் தெரியாதவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

2023 மார்ச்சில் இதே வில்லியனூரில் நாட்டு வெடிகுண்டு வீசி, வெட்டி ஓர் அரசியல் நிர்வாகியைக் கொன்றார்கள். இங்கே வன்முறை தூரத்திலிருந்து வருவதில்லை. பயிற்றுநர்களே, அடுத்த ஃபயரிங் நாளில் அந்த முதல் இரண்டு ரவுண்டுக்குத் தனி ஏடு போடுங்கள். உங்கள் பெயரைத்தான் அதில் முதலில் எழுத வேண்டும்.