பழைய துப்பாக்கிக்கு ரம்பம் எதுக்குங்க?

அமெரிக்காவுல பழைய ஷாட்கன் வச்சிருக்கிறவங்க நடுவுல போய் "சுட்டா தோள் வலிக்குது"ன்னு சொல்லிப் பாருங்க. உடனே ரெண்டு அறிவுரை வரும். ஒண்ணு, "கட்டையோட பின்பக்கம் ஒரு இன்ச் அறுத்துட்டு ரப்பர் பேடை ஸ்க்ரூ போட்டு முடுக்கு". இன்னொண்ணு, "கடையில இருக்கறதுலயே தடியான பேடா வாங்கி மாட்டு". ரெண்டும் தப்புங்கறதுதான் இந்தப் பதிவு. (துப்பாக்கி நல்லதா கெட்டதாங்கற சண்டை இங்க வேணாம் மக்களே, அதுக்குத் தனியா கும்மி அடிச்சுக்கலாம்.)

பேச்சு கிளம்பினது எங்க ஆபீஸ்ல. கூட வேலை பார்க்கிற அமெரிக்கர் ஒருத்தருக்கு அவரோட தாத்தா வச்சிருந்த 12 கேஜ் எல்.சி. ஸ்மித் இரட்டைக்குழல் துப்பாக்கி வந்து சேர்ந்திருக்கு. நியூயார்க் மாநிலம் ஃபுல்டன் ஊர்ல ஹன்டர் ஆர்ம்ஸ் கம்பெனி செஞ்சது. கடைக்காரர் பார்த்ததும் ரம்பத்தைத் தூக்கிட்டாராம்.

ஐயா சாமி! அந்தக் கம்பெனி 1945லயே மார்லின் கைக்குப் போயாச்சு. அதே வால்நட் கட்டைக்கு இனி எங்க போறது? பேக்கப் எடுக்காம டேட்டாபேஸை அழிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? "அவர் துப்பாக்கி, அவர் இஷ்டம்"னு சொல்றீங்களா? சரி. நாளைக்கு அது பேரன் கைக்குப் போகும். அவன் கை நீளம் என்னன்னு இப்பவே தெரியுமா? மாட்டிக் கழட்டற ஸ்லிப்-ஆன் பேடுன்னா அவனவன் அளவுக்கு மாட்டிக்கலாம். சாக்ஸ் போட்ட மாதிரி அசிங்கமா இருக்கும்தான், ஒத்துக்கறேன். ஆனா சாக்ஸைக் கழட்டிடலாம். அறுத்த மரம் வளருமா?

அடுத்து அந்த "தடியான பேடு" கோஷ்டி. பேடு மாட்டினா கட்டையோட நீளமும் கூடும்ங்கறதை இவங்க யோசிக்கறதே இல்ல. ட்ரிக்கர்ல இருந்து கட்டையோட பின்முனை வரைக்கும் டேப் வச்சு அளங்க. 13¾ இன்ச் இருந்தா ஒரு இன்ச் பேடு தாங்கும். ஏற்கெனவே 14½ இருந்தா, அதே பேடு அக்குள்ல மாட்டிக்கும். கட்டை தோள்குழியில உக்காராம கைச்சதையில உக்காரும். அப்புறம் வலி குறையாது, கூடும். அதுக்கு அரை இன்ச்சே போதும்.

ரப்பரா தோலான்னு அடுத்த சண்டை. ரப்பர் உறை விலை கம்மி, ஆனா சட்டையில ஒட்டி இழுக்கும். கயிறு கட்டற தோல் உறை வழுக்கிக்கிட்டு தோளுக்கு வரும், இறுக்கியும் கட்டலாம். எதுவா இருந்தாலும் ஆடாம கவ்விப் பிடிக்கணும். முக்கியமா, சுட்டு முடிச்சதும் கழட்டி வைங்க. உள்ள ஈரம் தங்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ரப்பர் பழைய பாலிஷ்ல கறை போட்டுடும்.

இப்ப முக்கியமான விஷயம். பேடு உதையைக் குறைக்காது. அதே உதையைக் கொஞ்சம் அதிக நேரத்துக்கு, அதிக இடத்துல பரப்பும், அவ்வளவுதான். உதையே குறையணும்னா தோட்டாவை மாத்தணும். 32 கிராம் ரவைக்குப் பதிலா அதே வேகத்துல 24 கிராம் போட்டா, உதையோட சக்தி மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் போட்டியிலயே 24.5 கிராமுக்கு மேல போகக்கூடாது. அவங்களுக்குப் போதுமாம், நம்மாளுக்குப் போதாதாம்! எல்.சி. ஸ்மித்ல பக்கவாட்டு லாக் தகடுக்குப் பின்னாடி மரம் விரிசல் விடறது தெரிஞ்ச வியாதி. பேடு தோளைப் பார்த்துக்கும், அந்த மரத்தை யார் பார்த்துக்கறது?

அதுக்கும் முன்னாடி, துப்பாக்கியை விவரம் தெரிஞ்ச கன்ஸ்மித் கிட்ட காட்டணும். பழைய 16 கேஜ் பிரவுனிங் ஆட்டோ-5 பலதும் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செஞ்சது. இன்னைக்குக் கடையில கிடைக்கறது 70. அது உள்ள போயிடும்ங்கறதுதான் ஆபத்தே! 70ங்கறது வெடிச்சு வாய் திறந்த அப்புறம் இருக்கற நீளம். திறக்க இடம் பத்தாம அழுத்தம் எகிறும், உதையும் கூடும். டமாஸ்கஸ் குழல்னா, அதாவது இரும்பு எஃகு பட்டைகளை முறுக்கி அடிச்சுச் செஞ்சதுன்னா, அது கரும்பொடி மருந்துக் காலத்துச் சரக்கு. அதுல இப்பத்திய தோட்டாவைப் போட்டுட்டு பேடு எந்த பிராண்டுன்னு பேசறது, பிரேக் இல்லாத வண்டிக்கு சீட் கவர் தேடற கதை.

ஆக, மொதல்ல குழல், அப்புறம் தோட்டா, அப்புறம் அளவு, கடைசியாத்தான் பேடு. ரம்பம் இந்த வரிசையிலேயே கிடையாது.

இல்ல, அறுத்தே ஆகணும்னு சொல்றவங்க காரணத்தோட பின்னூட்டத்துக்கு வாங்க. "எங்க தாத்தா அறுத்தார்"ங்கறது காரணம் இல்ல :-)