முதலில் ஃபேனை நிறுத்துங்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்தும், கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் ஊர்களிலிருந்தும் அடிக்கடி வருகிற கேள்வி இது: “ராத்திரி வீட்டுக்குள் வௌவால் நுழைந்துவிடுகிறது, என்ன செய்வது?”

வருவதற்குக் காரணம் இருக்கிறது. இரவெல்லாம் எரியும் ஆலை விளக்குகளைப் பூச்சிகள் மொய்க்கின்றன. பூச்சி இருக்கும் இடத்துக்கு வௌவால் வரும். தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகளிலோ, கூரை ஷீட் சுவரோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சந்து விட்டிருக்கும். கட்டைவிரல் அளவே உள்ள சின்ன வௌவாலுக்கு அந்தச் சந்து போதும்.

உள்ளே வந்ததும் நம் கை துடைப்பத்தைத் தேடுகிறது. தயவுசெய்து வேண்டாம். முதலில் ஃபேனை நிறுத்துங்கள். வௌவாலின் இறக்கை, நீண்ட விரல் எலும்புகளுக்கு இடையே விரிந்த மெல்லிய தோல். சுழலும் தகடு ஒரு முறை பட்டாலே எலும்பு முறிந்துவிடும். ஃபேன் நின்றதும் உள்ளறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலையும் வாசலையும் அகலத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டுச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். வட்டமடிக்கும் வௌவால் நம்மைத் தாக்க வருவதில்லை, வழியைத்தான் தேடுகிறது. பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

தரையில் விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த துண்டைப் போட்டு மூடி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து எழும்பிப் பறப்பது அதற்குக் கடினம். இருட்டியதும் பெட்டியை உயரமான மதில்மேல் திறந்து சாய்த்து வைத்தால் கிளம்பிவிடும்.

கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் கூடவே கூடாது. நம் நாட்டில் வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது என்றாலும், வௌவால் கடியையும் அதே தீவிரத்தோடுதான் பார்க்க வேண்டும். காயத்தை சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த நாளிலிருந்து பயம் கூடியிருப்பது நியாயம்தான். அந்தக் கிருமி பெரிய பழந்தின்னி வௌவால்களோடு தொடர்புடையது. கொய்யாவோ மாம்பழமோ, கடித்துப் போட்டதைத் தின்னாதிருப்பதே அதற்கான எச்சரிக்கை.

கூரையில் குடியேறிவிட்டதா என்று அறிய, சுவரோரம் கிடக்கும் புழுக்கையைப் பாருங்கள். எலிப்புழுக்கை போலவே இருக்கும். ஆனால் குச்சியால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே பூச்சி இறகுத் துணுக்குகள் மினுங்கும். அதை உலர்ந்தபடி பெருக்காமல், முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்து அள்ளுங்கள். பிறகு சந்தின் மேல்விளிம்பில் கொசுவலையை அடித்து, கீழே ஒரு முழம் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பவை வலைக்கும் சுவருக்கும் நடுவே ஊர்ந்து வெளியேறும், திரும்ப நுழைய வழி தெரியாது. சில இரவுகள் கழித்து எல்லாம் போனதை உறுதிசெய்துகொண்டு சிமென்ட் பூசலாம். பறக்கப் பழகாத குட்டிகள் இருந்தால் மட்டும் பொறுத்திருங்கள். இல்லையென்றால் அவை உள்ளேயே பட்டினியில் செத்துப்போகும்.

இவ்வளவு பரிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பொன்னேரி வட்டாரம் நெல் விளையும் பூமி. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தில் நெல் வயல்களில் மரப்பெட்டிகள் அமைத்து வௌவால்களைக் குடியேற்றினார்கள். தண்டுத் துளைப்பான் அங்கே கட்டுக்குள் வந்தது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. தாமதம்தான், ஆனாலும் நல்ல முடிவு.

ஒரு வேண்டுகோள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உங்கள் பக்கத்து அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாது. ஃபேனை நிறுத்த வேண்டும், வெறுங்கையால் தொடக் கூடாது, கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற மூன்றையும் நீங்கள்தான் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்