மறுகாலை மறந்த நகரமைப்பு

மழைநீர் வடிகால் என்றதும் சாலையோரத்தில் கற்காரையால் கட்டிப் பலகைக்கல் மூடிய பெட்டியொன்றே நம் ஊராட்சியாளர் கண்முன் நிற்கின்றது. அப்பெட்டியின் அகலமும் ஆழமும் எங்ஙனம் முடிவு செய்யப்படுகின்றன? கடந்த ஆண்டுகளின் மழையளவுகளைத் தொகுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யும் மழை இவ்வளவு எனப் பொறியாளர் கணக்கிடுவர். அவ்வளவிற்கே கால் வெட்டப்படும். நேற்றைய வானம் போன்றதே நாளைய வானமும் என்பது அக்கணக்கின் அடிப்படை.

அவ்வடிப்படை இன்று ஆட்டங்கண்டுவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு மிகும் என்பது இயற்பியல். அம்மிகை எவ்வூரில், எந்நாளில், எவ்வளவு மழையாகக் கொட்டும் என்று அறுதியிட்டுரைப்பார் எவருமிலர்.

2023 திசம்பர் 17, 18 நாள்களில் பொருநை நாடு பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். ஒருநாட் பொழுதில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை, வானம் பார்த்த நிலமாகிய நாங்குநேரி வட்டத்து மூலைக்கரைப்பட்டியில் 62 செ.மீ.! நெல்லைச் சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கிற்று. திருவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கானோருடன் தொடர்வண்டியொன்று செல்வழியின்றி நின்றது. இத்தகு மழையைக் கொள்ளும் பெட்டியை எந்நகராலும் கட்ட இயலாது. கட்டித் தருவோம் என்பார் சொல்லை நம்பவும் வேண்டா.

வரும் வெள்ளத்தின் அளவு நம் முன்னோர்க்கும் தெரியாது. ஆகலின் அவர்கள் வேறொரு வினாவை எழுப்பினர்: மிகும் நீர் எவ்வழிச் செல்லும்? குளம் கட்டியவர்கள் வயலுக்கு மடை வைத்ததோடு நில்லாமல், மிகைநீர்க்குக் கலிங்கும் வைத்தனர். அதன்மேல் குத்துக்கற்களை வரிசையாக நட்டனர். மழை மிகும் பருவத்தில் கல்லிடைவெளிகள் திறந்தே கிடக்கும். பருவம் முடியும் வேளை மண்ணும் புல்லும் இட்டடைத்து நீரைத் தேக்குவர். ஆண்டுதோறும் வானத்தின் போக்கறிந்து மாற்றிக்கொள்ளத்தக்க அமைப்பு அது! நாம் கட்டும் கற்காரைப் பெட்டிக்கு அந்நெகிழ்வு உண்டா?

கலிங்கு வழிந்த நீர் மறுகாலாகி அடுத்த குளத்தை அடையும். களக்காட்டு மலைநீரை நாங்குநேரியான் கால் கொணர்ந்து பெரியகுளத்தில் சேர்ப்பதும் இம்முறையின் ஒரு கண்ணியே. ஊர்ப்பெயரையே நான்கு ஏரி என்று பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். இன்று அலுவலக ஏடுகளில் மறுகால் இல்லை, ‘உபரிநீர்’ உள்ளது. கால் என்பது வழியைச் சுட்டும் சொல். உபரி என்பதோ வேண்டாத மிச்சம். வழியை மிச்சமென்று எழுதியபின் அதன்மேல் மனை பிரிக்கக் கை கூசுமா? நெல்லையின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்து நிலத்தில் எழுந்தது. சென்னையில் மாம்பலம் ஏரி தியாகராயநகர் ஆயிற்று.

2011 சூலை 2இல் தென்மார்க்கின் தலைநகர் கோப்பனேகனில் இரண்டு மணி நேரத்தில் 15 செ.மீ. அளவிற்கு மழை கொட்டியது. அதன்பின் அந்நகரத்தார் சில தெருக்களை வெள்ளம் ஓடும் கால்களாகவும், பூங்காக்களை நீர் தங்கும் பள்ளங்களாகவும் அமைக்கத் திட்டமிட்டனர். அவர்கள் புதிதாய்க் கண்டது நம் மறுகாலன்றி வேறென்ன?

குளங்களும் அன்று உடைந்தனவே என்பர். உடைந்தன, அதனை மறைக்க வேண்டா. பெருமழை எக்கரையையும் உடைக்கலாம். ஆனால், உடைத்த நீர் செல்லவும் வழி வேண்டுமன்றோ?

நாங்குநேரி இன்னும் சிற்றூர்த் தன்மை மாறாத பேரூர். நாற்கரச் சாலையை ஒட்டி மனைகள் பெருகுமுன், குளத்திற்குக் குளம் செல்லும் மறுகால் வழியை அளந்து, கல் நட்டு, ஊர் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அவ்வழியில் புதுமனைக்கு இசைவு தரலாகாது. சாலையின் குறுக்கே நீர்வழி தாராளமாக இருத்தல் வேண்டும். விளையாட்டுத் திடல்களைத் தாழ்த்தி அமைக்க வேண்டும். கழிவுநீரை மழைக்காலில் கலக்கவே கூடாது. அவ்வழியில் ஏற்கெனவே குடியிருக்கும் ஏழையர்க்கு மாற்று வீடு கொடுத்த பின்னரே இடம் கேட்க வேண்டும். அரசு தன் கட்டடங்களைக் குளத்துள் நிறுத்திக்கொண்டு குடிசையை மட்டும் இடிப்பது முறையன்று. பெட்டி கட்டுவதில் ஒப்பந்தக்காரர்க்கு ஊதியம் உண்டு. கல் நடுவதில் இல்லை. எனவே இதனைப் பேரூராட்சியார் தாமாகச் செய்வர் என்று காத்திராமல், வரும் ஐப்பசி மழைக்கு முன்பே நாங்குநேரி மக்கள் கேட்டாக வேண்டும்.