பக்கம் இறங்கும் கட்டில் வேண்டாம்

குனியாமல் குழந்தையைத் தூக்கலாம் என்பதற்காகவே அமெரிக்காவில் பல தலைமுறைகளாக விற்பனையானது, பக்கச் சட்டத்தை இறக்கும் குழந்தைக் கட்டில். திருகாணி தளர்ந்தால் சட்டம் நழுவும். அந்த இடுக்கில் குழந்தை சிக்கும். 2000-க்குப் பின் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்த பிறகுதான், 2011 ஜூனில் அங்கே தடை வந்தது. மிகத் தாமதம்.

கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மெத்தை கெட்டியாக, சட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அமுங்கும் மெத்தை பெரியவர்களுக்குத்தான் சுகம், குழந்தைக்கு ஆபத்து.

கடைக்காரர் ஆசை காட்டும் பஞ்சு ஓரத்தடுப்பு? மூச்சடைக்கும் என்று 2022-ல் அமெரிக்கா அதையும் தடை செய்தது. முதல் ஆண்டில் தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்தால் போதும். உறவினர் தரும் பழைய கட்டிலின் பக்கம் இறங்குமானால், தயங்காமல் மறுத்துவிடலாம்.