அத்தை அறைக்கு அலை வந்த கதை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. வாலாஜாபாத்தில் என் நாத்தனார் வீட்டிலோ கதை நேர்மாறு. அங்கே சுவர் இருந்த காரணத்தால்தான் சித்திரம் வரவில்லை!

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக அந்தக் காலத்தில் கட்டிய வீடு அது. திண்ணை ஏறினால் முன்னறை, பிறகு நடை, நடுவே முற்றம் வைத்த கூடம், தாழ்வாரம், அதற்கும் அப்பால் பின்கட்டு. ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடி கனம். பாலாற்று மணல் கொதிக்கும் சித்திரை வெயிலிலும் உள்ளே ஜிலுஜிலுவென்று இருக்கும். ஆனால் வெயிலைத் தடுத்த சுவர், வைஃபையையும் சேர்த்துத் தடுத்துவிட்டது.

இணையப் பெட்டி இருப்பது முன்னறையில். நாத்தனாரின் மாமியார் இருப்பது பின்கட்டில். சிங்கப்பூரிலிருக்கும் இளைய பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவான். எழுபத்தெட்டு வயதில் அந்த அம்மாள் மூன்று வாசற்படி தாண்டி முன்னறைக்கு வந்தாக வேண்டும். போன ஆடியில் நடை வாசலில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. "அத்தை, உங்கள் கட்டிலை முன்னறைக்கே மாற்றிவிடலாமா?" என்று நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா, கிணற்றடித் துளசியைப் பார்க்காமல் எனக்கு என்றைக்குப் பொழுது விடிந்திருக்கிறது? ஒரு டெலிபோனுக்காக என்னை வாசலில் கொண்டுவந்து போடுவாயா?" என்று அத்தை கண் கலங்கிவிட்டார். மருமகளுக்கும் மனசு கேட்கவில்லை.

நாத்தனார் கணவர் கடைக்குப் போய், 'மெஷ்' என்ற இரட்டைப் பெட்டி வாங்கி வந்தார். மெஷ் என்றால் வலை. ஒரு பெட்டி இணைய இணைப்போடு இருக்கும். மற்றது அதனிடமிருந்து அலையை வாங்கி அப்பால் அனுப்பும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். எந்த அறைக்குப் போனாலும் கைப்பேசி தானாகப் பக்கத்துப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பெட்டியை அவர் நேரே அத்தையின் தலைமாட்டில் வைத்தார். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுசாக நிமிர்ந்து நின்றன. ஆனால் சிங்கப்பூர்ப் பிள்ளை வாயைத் திறந்தபடியே சிலையாகிப் போனான்! "காசு தண்டம்" என்று பெட்டியைப் பரணில் ஏற்றப் போனார்கள்.

சகோதரிகளே, பெட்டி பேரில் குற்றமில்லை. வைத்த இடம்தான் தப்பு.

கல்யாண வீட்டில் கிணற்றிலிருந்து சமையல்கட்டு வரை குடத்தைக் கைமாற்றிக் கொடுப்பார்கள் அல்லவா? நடுவில் நிற்பவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றால்தான் குடம் போய்ச் சேரும். அவர் நேரே அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டால் குடத்தை யார் கொடுப்பது? இருண்ட அறையில் வைத்த பெட்டியின் கதியும் அதேதான். கைப்பேசியிலுள்ள கோடு, பக்கத்திலிருக்கும் பெட்டி வரைக்குமான பலத்தைத்தான் சொல்லும். அந்தப் பெட்டிக்கு முன்னறையிலிருந்து என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லாது.

அலை சுவரைத் தாண்டாதா என்றால், தாண்டும். 1890-களிலேயே கல்கத்தாவில் நம் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர் தாண்டி அனுப்பி, எட்ட இருந்த மணியை அடிக்க வைத்துக் காட்டினார். ஆனால் ஒரு மணியை அடிக்கத் துளி அலை போதும். பிள்ளையின் முகம் தடங்கலில்லாமல் அசைய வேண்டுமானால், நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகவல் துணுக்குகள் வந்து சேர வேண்டும். சுவர் கனக்கக் கனக்க அலை இளைத்துப் போகும். அதுவும் குறுக்கே சாய்வாகப் புகுந்தால், ஒன்றரை அடிச் சுவர் இரண்டடிக்கு மேலாகிவிடும். வைஃபையில் பெரும்பாலும் பயன்படுவது 2.4, 5 என்ற இரு வகை கிகாஹெர்ட்ஸ் அலைகள். ஐந்து வேகமானது, ஆனால் கனத்த சுவரில் சீக்கிரம் களைத்துப் போகும். 2.4 நிதானம், கொஞ்சம் கூடுதலாகத் தாண்டும்.

வீட்டில் கல்லூரிக்குப் போகும் பேத்திதான் விடை கண்டாள். கைப்பேசியில் அலையின் பலத்தை எண்ணாகக் காட்டும் செயலியைத் திறந்துகொண்டு, கதவுகளைச் சாத்திவிட்டு, முன்னறையிலிருந்து பின்கட்டு வரை நடந்தாள். மைனஸ் 50 என்றால் நல்ல பலம். மைனஸ் 67 வரை படத்தோடு பேசலாம். மைனஸ் 80 என்றால் நம்பிப் பிரயோஜனமில்லை. அத்தை அறையில் மைனஸ் 84. முற்றத்துத் தூணருகே மைனஸ் 62. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நடை வாசல், மறுபக்கம் அத்தையின் அறை வாசல், இரண்டும் நேராகத் தெரிந்தன. முற்றம் திறந்த வெளி. அங்கே அலைக்குத் தடையில்லை. மழைச் சாரல் படாமல், தாழ்வாரத்துக்குள் ஆள் உயரத்தில் பலகை அடித்துப் பெட்டியை வைத்தாள். சிலை உயிர் பெற்றுப் பேசியது!

உங்கள் வீடும் இப்படிப்பட்டதானால், வாங்குமுன் நீங்களும் இதேபோல் நடந்து பாருங்கள். அலை அடியோடு செத்த இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். நன்றாக இருந்து குறையத் தொடங்கும் இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ் இவற்றின் பின்னால் ஒளிக்க வேண்டாம். அழகுக்காக அலமாரிக்குள் பூட்டவும் வேண்டாம். பெட்டிகள் கூடக் கூட நல்லது என்பதில்லை. கம்பியில்லாமல் கைமாறும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையும்.

எல்லாவற்றிலும் உத்தமம், இரு பெட்டிகளுக்கும் நடுவே லேன் கம்பி இழுப்பதுதான். நூறு மீட்டர் வரை அது சளைக்காது. சுவரை இடிக்க வேண்டியதில்லை. நிலைக்கு மேலே விரலளவு துளை போட்டு, உத்தரத்தோரம் பிளாஸ்டிக் பட்டிக்குள் விட்டால் கண்ணை உறுத்தாது. மின்வெட்டுக்குப் பயந்தால், மோடத்துக்கும் பெட்டிகளுக்கும் ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யூ.பி.எஸ். வைத்துக்கொள்ளலாம், ஒன்றுக்கு மட்டும் வைத்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். அத்தை தம் கட்டிலில் சாய்ந்தபடி, ஜன்னல் வழியே துளசியைப் பிள்ளைக்குக் காட்டினார். பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "ஏண்டா, இவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாயே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா?" என்று ஆரம்பித்தார்.

"இதுக்குப் பழைய சிக்னலே தேவலாம், அம்மா" என்று சிரித்தான் பிள்ளை.