நடனம் அவருடையது, படம் யாருடையது?

தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. 2021 மார்ச் 30 அன்று தமிழக பா.ஜ.க. தன் ட்விட்டர் பக்கத்தில் ஒரு பிரசார வீடியோவை வெளியிட்டது. தாமரைக்கு வாக்குக் கேட்ட அந்த வீடியோவில் ஒரு பெண் பரதநாட்டியம் ஆடும் காட்சி இருந்தது. ஆடியவர் ஸ்ரீநிதி சிதம்பரம். மருத்துவர், நாட்டியக் கலைஞர். சிவகங்கையின் காங்கிரஸ் எம்.பி. கார்த்தி சிதம்பரத்தின் மனைவி. அந்தக் காட்சி வந்த இடம் இன்னும் சுவாரசியமானது. 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டுக்காக மு. கருணாநிதி எழுதி, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த பாடலின் படம் அது.

தன் அனுமதி இல்லாமல் தன் படத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதை ஸ்ரீநிதி பகிரங்கமாகக் கண்டித்தார். தமிழ்நாட்டில் தாமரை மலராது என்றும் சேர்த்துச் சொன்னார். பதிவு நீக்கப்பட்டது. பலரும் சிரித்தார்கள், மறந்தார்கள்.

சிரிப்புக்கு அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆடுகிறவர் யார் என்று தெரிந்திருந்தால் அந்தக் கட்சி அந்தக் காட்சியைத் தொட்டிருக்காது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். தமிழ்ப் பண்பாட்டைக் காட்ட ஒரு கோபுரம், ஒரு வாழையிலை, ஒரு பரதநாட்டியப் பெண். கோபுரத்திடம் யாராவது அனுமதி கேட்பார்களா? இதில் எல்லாக் கட்சிகளும் ஒன்றுதான்; பட்டுப்புடவைக் கடை, நகைக் கடை, காலண்டர் அச்சகம் எல்லாம் ஒன்றுதான். நூறு வருடங்களுக்கு முன் மதராஸில் விற்ற படத் தபாலட்டைகளிலும் ‘நாட்டியப் பெண்’ என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது.

ஸ்ரீநிதிக்குக் குரல் இருந்தது, மறுநாள் பத்திரிகைகளில் இடம் இருந்தது. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ நாலு குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டிய ஆசிரியையின் படம் ஒரு மசாஜ் நிலைய விளம்பரத்தில் வந்தால் அவர் யாரிடம் போவார்? சட்டத்திடம் போகலாம். போனால் கொஞ்சம் திகைத்துப் போவார்.

நம்மிடம் இருப்பது 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம். (மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘பதிப்பு’ என்றதும் அச்சுக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது. நான் வசிக்கும் திருவனந்தபுரத்தில் ‘பகர்ப்பவகாசம்’ என்கிறார்கள். நகலெடுக்கும் உரிமை என்று நேராகச் சொல்லிவிடுகிறது மலையாளம்.) இந்தச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். படத்தில் இருப்பவர் அல்ல. பத்திரிகையின் சம்பளப் புகைப்படக்காரர் வேலையின் பகுதியாக எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அதைப் பிரசுரிக்கும் உரிமை பத்திரிகை முதலாளிக்குப் போகும். பத்து வருடம் அரைமண்டியில் உட்கார்ந்து பழகிய கால்களுக்கு அந்தப் படத்தில் பங்கில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் பலருக்குத் தெரியாது. நீங்கள் பணம் கொடுத்து, நீங்கள் கேட்டு எடுக்கப்பட்ட படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நீங்கள்தான். 17ஆவது பிரிவு சொல்கிறது. அரங்கேற்றத்துக்கு ஸ்டூடியோவை அமர்த்திப் பணம் கட்டிய குடும்பம் அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரர். அதே படத்தை ஸ்டூடியோ தன் விளம்பரத்தில் போட்டால் கேட்கலாம். யார் கேட்கிறார்கள்? நம் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்களே என்று உறவினர்களுக்கு அனுப்பி மகிழ்வதுதான் வழக்கம்.

ஆடுகிறவருக்கென்று தனி உரிமை இல்லாமல் இல்லை. 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞர் என்று ஒரு வகையை உருவாக்கியது. பாடகர், நடனக் கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை பட்டியல் நீளும். 2012 திருத்தம் அதை விரிவாக்கியது. ஐம்பது வருடங்களுக்கு, நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பரப்பவும் கலைஞருக்கு உரிமை. தன் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் ‘காட்சிப் பதிவு’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: அசையும் பிம்பங்கள். ஆடிக்கொண்டே இருந்தால் உரிமை உண்டு. அதில் ஒரு கணத்தை நிறுத்தி எடுத்தால் அது புகைப்படம், உரிமை கேமராக்காரருக்கு. நாட்டியத்தில் கடினமானதே அந்த நிற்கும் கணம்தான் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இணையத்தில் திருடப்பட்ட படத்தை நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என்கின்றன 2013 விதிகள். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் படம் திரும்பி வரலாம். ஆனால் எழுத வேண்டியவர் பதிப்புரிமைக்காரர். அதாவது மறுபடியும் புகைப்படக்காரர்.

நடனக் கலைஞருக்குக் கைகொடுப்பது வேறொரு வழக்கு, அதுவும் வினோதமான இடத்திலிருந்து. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது பற்றிய 1994 தீர்ப்பில், ஒருவரது பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த வழக்குகள் பெரும்பாலும் நட்சத்திரங்களுடையவை. 2012இல் அமிதாப், ஜெயா பச்சன் படத்தை ஒரு நகைக்கடை பயன்படுத்திய வழக்கில் டில்லி உயர்நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது: படத்தில் இருப்பவர் அடையாளம் தெரிய வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஊர் கதகளிக்காரர் மாட்டிக்கொள்கிறார். திருவனந்தபுரத்தில் பச்சை முகத்திலிருந்து தப்பிக்க முடியாது. ஓட்டல் வாசல், டாக்ஸிக் கண்ணாடி, கோவளத்து எண்ணெய்க் குளியல் பலகை, எங்கும் அதே முகம். யார் அவர்? ஆட்டத்துக்கு முன் மல்லாந்து படுத்திருப்பார். தாடையைச் சுற்றி அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்த்த ‘சுட்டி’யைக் கலைஞர் ஒருவர் வரி வரியாக இடுவார். கண்ணில் சுண்டப்பூ விதை போட்டு வெண்விழியைச் சிவக்க வைப்பார்கள். வேஷம் முடிந்தால் சொந்தத் தாய்க்கே சற்றுத் தயக்கம் வரும். ஊர் ரசிகர்களுக்கு மட்டும் புருவம் அசைவதில் ஆளைத் தெரியும். நீதிமன்றத்தில் புருவத்தைச் சாட்சியாக நிறுத்த முடியுமா?

புகைப்படக்காரர்களைத் திட்டுவது என் நோக்கமல்ல. அவினாஷ் பஸ்ரிச்சா போன்றவர்கள் மேடை ஓரத்தில் காத்திருக்காவிட்டால், போன தலைமுறையின் பெரிய கலைஞர்கள் ஆடியதை இன்று எதை வைத்து நினைவுகூர்வோம்? திருட்டில் அவர்களும் பாதிக்கப்படுகிறார்கள். மூலையில் இருக்கும் கையெழுத்தை வெட்டிவிட்டுத்தான் படம் பயணம் போகிறது. இப்போது கணினியே நாட்டியப் படம் வரைந்து தருகிறது. அதில் யார் முகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. முத்திரை பிடிக்கும் விரல்களைப் பார்த்தால் ஆசான் பிரம்பை எடுப்பார்.

நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே, எடுக்கும் படங்கள் செய்திக்கும் விமர்சனத்துக்கும் மட்டும், விளம்பரம் என்றால் தனியாகக் கேட்க வேண்டும், பெயர் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதில் பெரிய சிரமம் இல்லை. சபாக்கள் முன்வந்து அந்தத் தாளைக் கொடுத்தால் இளம் கலைஞர்களுக்குக் கேட்கும் கூச்சமும் மிச்சம்.

பெயர் போடும் வழக்கத்தைக் கதகளி அரங்கிலேயே பார்க்கலாம். நிகழ்ச்சி நிரலில் வேஷக்காரர்களுக்குப் பிறகு பாட்டு, செண்டை, மத்தளம் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். கடைசிப் பக்கம் சுட்டி இட்டவரின் பெயரும் இருக்கும். அன்றிரவு எடுத்த படம் அரங்கைத் தாண்டி டாக்ஸிக் கண்ணாடிக்குப் போகும்போது அந்தப் பெயர்களில் ஒன்றுகூட உடன் போவதில்லை.