ஒரே புல், இரு விதி

வெள்ளாங்குளத்தின் மேற்கே விரிந்து கிடக்கும் பாக்கு விரிகுடாவின் அடியிலே கடற்புல் வளர்கிறது. அதனை மேயும் பெரும் பிராணிகள் இரண்டு: ஒன்று கடற்பசு, மற்றது பேராமை. மேய்ச்சல் நிலம் ஒன்று. வலையினால் வரும் ஆபத்தும் ஒன்று. ஆயினும் இவை இரண்டும் உறவினவல்ல.

பேராமை பாம்பும் பல்லியும் போல ஊர்வன வகுப்பைச் சார்ந்தது. கடற்பசுவோ முலையூட்டி, சைரீனியா என்னும் வருணத்தது. நீரில் வாழ்வதால் அதனைத் திமிங்கிலத்தின் சுற்றமென எண்ணுவோர் பலர். உண்மையில் அதற்கு நெருங்கிய உறவு தரையில் நடக்கும் யானையே. அதன் குடும்பத்தில் இன்று எஞ்சியிருப்பதும் இவ்வோரினமே. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசு, 1741ஆம் ஆண்டில் பேரிங் கடலிற் கண்டறியப்பட்டது. 1768ஆம் ஆண்டளவில் வேட்டையால் அடியோடு அழிந்தது. இடையே சென்றவை 27 ஆண்டுகளே!

இவ்வகைப்பாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று. இரண்டின் விதியும் அதிலே அடங்கியுள்ளது. பேராமை ஒரு முறை கரையேறினால் ஏறக்குறைய 100 முட்டைகள் இடும். ஒரே பருவத்திற் பன்முறை இடும். குஞ்சுகளிற் பெரும்பாலானவை மடியினும், முட்டையையும் தாயையும் காத்தால் இனம் மீண்டும் தழைக்கும். பல நாடுகள் அவ்வாறு காத்தமையால், 2025 ஒக்டோபரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை ‘அழியும் நிலையிலுள்ளவை’ என்ற வரிசையிலிருந்து ‘கவலை குறைந்தவை’ என்ற வரிசைக்கு மாற்றியது.

கடற்பசுவுக்கு அத்தகைய பேறு எளிதன்று. ஓராண்டுக்கு மேற் சுமந்து ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு தாய் வலையிற் சிக்கி மூச்சடைத்து மாண்டால், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் வேண்டும். உலகப் பட்டியலில் அது ‘அழிவுக்கு இலக்காகக்கூடியவை’ என்ற வரிசையிலேயே நிற்கிறது.

இவ்விரண்டையும் கொல்வது இலங்கையிற் சட்டவிரோதம். எதிர்க்கரையிலே தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆனாற் சட்டமும் காப்பகமும் நடுக்கடலில் வலையை அவிழ்க்க வரமாட்டா. அங்கே இருப்பவன் மீனவன் ஒருவனே. வலையை அறுத்தால் நட்டம் அவனுடையது. அறுக்காவிடில் நட்டம் நம் எல்லோருடையது. அந்த வலையின் விலையை அவனுக்கு ஈடுசெய்வது பெருஞ்செலவாகாது. அவன் விடுவிக்கும் கடற்பசு எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது.